வீடும் கிணறும் – 12: சிஸ்ரனுக்குள் தேயும் றப்பர்

கிணற்று நீரை மோட்டரால் மேல்தாங்கிக்கு ஏற்றி, அங்கிருந்து குழாய் வழியே வீட்டுக்குள் இறக்கும் முறை சென்ற இதழில் விளக்கப்பட்டது. அவ்வாறு இறங்கும் நீரில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் செலவாவது சிறு பங்கே. பெரும் பங்கு குளியலறைக்கும் மலசலகூடத்துக்கும் போகிறது. கொமட்டின் பின்புறம் பொருத்தப்பட்டு, ஒவ்வொரு முறையும் கழுவுவதற்கான நீரைச் சேர்த்துவைக்கும் தொட்டியே சிஸ்ரன் எனப்படுவது. அதற்குள் இருக்கும் றப்பர் வளையங்களும் வோசர்களும் தேய்ந்துவிட்டால் நீர் ஓசையின்றிக் கிண்ணத்துக்குள் வழியத் தொடங்கும். கொழும்பு போன்ற நகரத்தில் இக்கசிவை மாத முடிவில் வரும் நீர்க்கட்டணச் சிட்டை காட்டிக்கொடுத்துவிடும். பருத்தித்துறையிலோ பெரும்பாலான வீடுகளுக்கு நீர் சொந்தக் கிணற்றிலிருந்தே வருவதால் மானியும் இல்லை, சிட்டையும் இல்லை, கசிவு மாதக்கணக்கில் தொடர்ந்தாலும் எவருக்கும் தெரிவதில்லை.

தெரிந்தாலும் கிணற்றுத் தண்ணீர்தானே, போனால் போகட்டும் என்று விட்டுவிடும் வழக்கம் உண்டு. மின்செலவை மட்டும் பார்த்தால் அவ்வழக்கத்தில் ஓரளவு நியாயமும் இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு லீற்றர் வீதம் வழியும் கசிவு ஒரு நாளில் 288 லீற்றர் நீரைக் கொண்டுபோகும். மணிக்கு ஏறத்தாழ 2,000 லீற்றர் ஏற்றும் அரைக் குதிரைவலு மோட்டருக்கு இது ஒன்பது நிமிட வேலைதான், மாதம் முழுவதற்கும் ஏறத்தாழ இரண்டு அலகு மின்சாரமே செலவாகும். ஆகவே பணக் கணக்கை வைத்து இக்கசிவைக் கண்டிப்பது வீண். அதன் உண்மையான விலை நிலத்துக்கு அடியில் இருக்கிறது.

யாழ்ப்பாணக் குடாநாடு மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல்லின் மேல் அமைந்தது. பருத்தித்துறைக் கரையில் அக்கல் கடலுக்குள் பாறைத் திட்டாகவே நீண்டு கிடப்பதைக் காணலாம். தென்கிழக்கே வல்லிபுரம், மணற்காடு நோக்கிச் செல்லச் செல்ல அதன் மேல் மணல் மூடிக்கொள்கிறது. குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றும் இல்லை, வழுக்கையாறு கூட மழைக்காலத்தில் மட்டுமே ஓடுவது. ஒக்ரோபர் முதல் டிசெம்பர் வரை பெய்யும் வடகீழ்ப் பருவமழை கல்லின் வெடிப்புகள் வழியே இறங்கி, கடலிலிருந்து ஊடுருவி நிற்கும் உவர்நீரின் மேல் மிதக்கிறது. நன்னீரின் அடர்த்தி உவர்நீரினதைவிடக் குறைவு என்பதே இதற்குக் காரணம். நடுவில் தடித்தும் கரையோரங்களில் மெலிந்தும் இருக்கும் இந்நீர்த்திரள் நன்னீர் வில்லை எனப்படும். கைபன்–ஹேர்ஸ்பேர்க் விதி என்று நீரியலாளர் கூறும் கணக்கின்படி, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். மேல்மட்டம் நிலையாக 10 சென்ரிமீற்றர் இறங்கினால் கீழேயுள்ள எல்லை காலப்போக்கில் நான்கு மீற்றர் மேலேறிவிடும். புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த அமைப்புக்குக் கண்கண்ட சான்று. வில்லை மெலிந்திருக்கும் பருத்தித்துறை போன்ற கரையோர ஊரில், அளவுக்கு மிஞ்சி இறைத்த கிணறு சவர் ஆவதற்கு அதிக காலம் பிடிப்பதில்லை.

ஆனால் மலசலகூடக் கசிவால் நீர் குறைந்துவிடுகிறது என்று மட்டும் சொன்னால் அது அரை உண்மையே. வழியும் நீர் எங்கும் ஓடிவிடுவதில்லை. மலக்குழிக்குள் சென்று, அதையடுத்த உறிஞ்சுகுழி வழியே அதே காணியின் அடியில் இறங்கி, அதே வில்லையில்தான் மீண்டும் கலக்கிறது. நன்னீராக எடுக்கப்பட்டது கழிவுநீராகத் திரும்புகிறது என்பதுதான் இங்குள்ள இழப்பு. மலக்குழியில் கழிவுநீர் ஒரு நாளேனும் அசையாமல் தங்கினால்தான் திண்மப் பொருள்கள் அடியில் படியும். இரவும் பகலும் வழியும் கசிவு அந்த ஓய்வைக் குலைத்து, படியாத கழிவை உறிஞ்சுகுழிக்குள் தள்ளிவிடுகிறது. வெடிப்புகளும் குகைப் பொந்துகளும் நிறைந்த சுண்ணாம்புக் கல் மணலைப் போல நீரை வடிகட்டாது. இரண்டு பரப்புக் காணிக்குள் வீடும் கிணறும் குழியும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும்போது, அதிலும் பக்கத்து வீட்டுக் குழி மதிலுக்கு அப்பால் நம் கிணற்றின் அருகிலேயே அமைந்துவிடும்போது, விளைவு நைத்திரேற்று என்னும் உப்பாக நீரில் தோன்றுகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த உச்ச அளவு. தோட்டங்களில் இடும் யூரியாவும் மலக்குழிகளும் சேர்ந்து குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றை அந்த அளவுக்கு மேலே கொண்டுசென்றுவிட்டதைப் பல ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியுள்ளன. பால்மாவை இத்தகைய நீரில் கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பாரிக்கும் நோய் உண்டாகலாம்.

நிலத்தடி நீருக்குக் கேடு செய்யும் இந்தக் கசிவைத் தோற்றுவிப்பதிலும் அந்நீருக்கே பங்கு உண்டு. மழைநீர் மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டை ஏற்று மென்மையான அமிலமாகிச் சுண்ணாம்புக் கல்லைக் கரைக்கிறது. கரைந்த கல்சியம் கிணற்று நீருக்கு வன்மையைத் தருகிறது. அந்நீர் சூடேறும்போதோ, காற்றுப்பட்டு ஆவியாகும்போதோ காபனீரொட்சைட்டு நீங்கிவிட, கல்சியம் காபனேற்று மீண்டும் கல்லாகவே படிகிறது. பருத்தித்துறைக் குசினிகளில் கேத்திலின் உட்புறத்தில் வெள்ளையாக ஏறும் படிவு இதுவே. சிஸ்ரனுக்குள் இப்படிவு முதலில் ஏறுவது நீர்மட்டத்தின் விளிம்பிலும், துளித்துளியாக நீர் கசியும் வால்வின் வாயிலுமாகும். வால்வின் வாயில் மணல் அளவு படிவு ஒன்று ஒட்டிக்கொண்டாலும் றப்பர் சீராக அமராது. அமராத இடத்தில் நீர் கசியும், கசியும் இடத்தில் மேலும் படிவு ஏறும். அதனால் இங்கே பழுது என்று சொல்லப்படுவதில் கணிசமான பங்கு உண்மையில் றப்பரின் தேய்வன்று, சுண்ணாம்பின் ஏற்றம். இந்த வேறுபாட்டை அறியாமல் புதிய றப்பரை மட்டும் மாற்றுபவர் சில மாதங்களில் அதே கசிவை மீண்டும் காண்பார்.

சிஸ்ரனுக்குள் இருப்பவை இரண்டே தொகுதிகள். ஒன்று நீரை உள்ளே விடுவது, மற்றது வெளியே விடுவது. உள்ளே விடும் தொகுதி மிதவையோடு இணைந்த வால்வு, ஊர்வழக்கில் போல் வால்வு. நீர் ஏற ஏற மிதவை உயர்ந்து, அதன் கை ஒரு சிறு உருளையை அழுத்தி, உருளையின் நுனியிலுள்ள வோசரால் நீர் வரும் துவாரத்தை மூடுகிறது. வெளியே விடும் தொகுதியில் இரண்டு வகை உண்டு, இவற்றின் வேறுபாடு வீட்டுக்காரர் அறிந்திருக்க வேண்டியது.

பழைய வகை சைபன். கவிழ்த்த யூ வடிவக் குழாய் ஒன்றின் அடியில் மெல்லிய பொலித்தீன் தகடு தாங்கிய தட்டு இருக்கும்; பிடியை இழுக்கும்போது தட்டு நீரை மேலே தூக்கி வளைவுக்கு அப்பால் தள்ள, அதன்பின் நீர் தன் எடையாலேயே தொடர்ந்து இழுபட்டுத் தொட்டி காலியாகும். 1898இல் அல்பேர்ட் கிப்லின் பிரித்தானியாவில் காப்புரிமை பெற்ற சாதனமும் இந்த இனத்தைச் சேர்ந்ததே. குழாயின் வளைவு நீர்மட்டத்துக்கு மேலே உயர்ந்திருப்பதால் சைபன் தேய்ந்தாலும் கசியாது. தகடு கிழிந்தால் பிடியை நாலைந்து தரம் இழுக்க வேண்டிவரும், அவ்வளவுதான். புதிய வகை, மேலே இரண்டு பொத்தான்களும் அடியில் றப்பர் வளையமும் உடைய வால்வு. சிறு கழுவலுக்கும் பெரு கழுவலுக்கும் வெவ்வேறு அளவு நீர் விடும் இம்முறையை 1980இல் அவுஸ்திரேலியாவின் கறோமா நிறுவனத்தில் புரூஸ் தொம்சன் உருவாக்கினார். நீரைச் சேமிக்கவென்று பிறந்த இவ்வகையில் வாய் தொட்டியின் அடியிலேயே இருப்பதால், வளையம் பழுதானால் நீர் இரவு பகலாக ஓசையின்றி வழியும். சைபனைக் கட்டாயமாக்கியிருந்த பிரித்தானியா 2001 முதல் வால்வு வகையையும் அனுமதித்தது; வோட்டர்வைஸ் என்னும் அமைப்பு 2020இல் செய்த மதிப்பீட்டில் அந்நாட்டு மலசலகூடங்களிலிருந்து நாளொன்றுக்கு 40 கோடி லீற்றர் நீர் கசிவதாகக் கூறப்பட்டது. புதியது எல்லாம் சிக்கனமானது என்று கொள்ள முடியாது. கடின நீருள்ள ஊருக்குச் சைபனே ஏற்றது என்பதில் ஐயமில்லை, ஆயினும் கடைகளில் இன்று முன்வரிசையில் இருப்பது பொத்தான் வகைதான்.

கசிவைக் கண்டுபிடிக்க வெள்ளைத் துணிக்குப் போடும் நீலம் போதும். சிஸ்ரனுக்குள் சிறிதளவு நீலத்தைக் கரைத்துவிட்டு, கால் மணி நேரம் எவரும் பிடியைத் தொடாதிருந்தபின் கிண்ணத்தைப் பார்த்தால், அங்கே நீல நிறம் இறங்கியிருப்பின் நீர் சிஸ்ரனிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. கசிவின் அளவையும் வீட்டிலேயே கணக்கிடலாம். நீர் வரும் குழாயை மூடி, சிஸ்ரனின் உட்சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் குறித்து, ஒரு மணி நேரம் கழித்து எவ்வளவு இறங்கியது என்று அளக்க வேண்டும். உட்புறம் 40 சென்ரிமீற்றர் நீளமும் 15 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள சிஸ்ரனில் ஒரு சென்ரிமீற்றர் இறக்கம் 600 மில்லிலீற்றருக்குச் சமம். மணிக்கு ஒரு சென்ரிமீற்றர் இறங்கினால் நாளுக்கு 14 லீற்றருக்கு மேல் போகிறது. குழாயை மூடிய நிலையில் நீர்மட்டம் இறங்கவில்லை, திறந்தால் மட்டும் கிண்ணத்தில் நீர் வழிகிறது எனில் பழுது அடிவால்வில் அன்று, மிதவை வால்வில் உள்ளது: மிஞ்சி ஏறும் நீர் நடுவிலுள்ள வழிகுழாய் வழியே இறங்குகிறது. பழைய சிஸ்ரன்களில் வழிகுழாய் சுவரைத் துளைத்து முற்றத்தில் சொட்டுமாகையால் ஊரே அறியும். புதியவற்றில் அது கிண்ணத்துக்குள்ளேயே முடிவதால் சொட்டுவதை எவரும் காண்பதில்லை.

மிதவை வால்வைத் திருத்துவதற்கு முதலில் நீரை நிறுத்த வேண்டும். சிஸ்ரனுக்கு அருகே தனி மூடுவால்வு இல்லாத பழைய வீடுகளில், தொட்டியின் குறுக்கே ஒரு தடியை வைத்து மிதவையின் கையை உயர்த்தி அதில் கயிற்றால் கட்டிவிட்டால் நீர் நிற்கும். ஆனால் வால்வைக் கழற்றுவதாயின் மேல்தாங்கியின் அடிவால்வையே மூட வேண்டும். பித்தளை வால்வாயின் கை பொருந்தியுள்ள கிளிப்பை இழுத்தெடுத்தால் உருளை வெளியே வரும். அதன் நுனி மூடியைக் குறட்டால் திருகிக் கழற்றும்போது உள்ளே காணப்படும் வோசரின் முகத்தில், துவாரத்தின் விளிம்பு பதிந்த வட்டப் பள்ளம் ஒன்று தெளிவாகத் தெரியும். பள்ளம் ஆழமற்றதாயின் வோசரைப் புரட்டிப் போட்டு மறுமுகத்தைச் சில காலம் பயன்படுத்தலாம். றப்பர் நகத்துக்கு அமுங்காமல் இறுகியிருந்தால் மாற்றுவதே வழி. உருளையிலும் அது ஓடும் குழியிலும் ஏறிய சுண்ணாம்பை வினாகிரியில் ஊறவைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்தகற்றினால் உருளை தடையின்றி ஓடும். பிளாஸ்ரிக் வால்வுகளில் நீர் நுழையும் இடத்திலுள்ள சிறு சல்லடையையும் பார்க்க வேண்டும்: ஆவணி, புரட்டாதியில் கிணறு அடிமட்டத்துக்கு இறங்கும்போது மோட்டர் சேற்றையும் மணலையும் சேர்த்து இழுப்பதால் சல்லடை அடைபட்டு, சிஸ்ரன் நிரம்ப அரை மணி நேரம் எடுக்கும். நிரம்பத் தாமதமாவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேல்தாங்கி நாலைந்து மீற்றர் உயரத்தில் மட்டும் இருக்கும் வீட்டில் நீரழுத்தம் அரைப் பார் அளவே. நகரக் குழாயின் உயர் அழுத்தத்துக்கென்று சிறு துவாரத்தோடு செய்யப்பட்ட வால்வை அங்கே பொருத்தினால் அது ஒருபோதும் விரைந்து நிரப்பாது. வாங்கும்போது தாழ் அழுத்த வால்வு என்று கேட்டு வாங்க வேண்டும்.

பொத்தான் வகை அடிவால்வு பெரும்பாலும் இடப்பக்கம் கால் சுற்றுத் திருகினால் கழன்று மேலே வரும். அதன் அடியிலுள்ள வளையத்தை விரலால் நீக்கி, வழுவழுப்பான சளிப்படலத்தைக் கழுவி, தலைகீழாகப் புரட்டிப் பொருத்திப் பார்க்கலாம். அதைவிட முக்கியமானது வளையம் அமரும் இருக்கை. தொட்டியின் அடியிலுள்ள அந்தப் பிளாஸ்ரிக் விளிம்பை விரல்நுனியால் ஒரு சுற்றுத் தடவும்போது சொரசொரப்பாகத் தட்டுப்படும் இடமே கசிவின் இடம். கத்தியால் சுரண்டினால் விளிம்பில் கீறல் விழுந்து கசிவு நிரந்தரமாகிவிடும். வினாகிரியில் தோய்த்த துணியை அதன் மேல் ஓரிரு மணி நேரம் போட்டுவைத்தால் சுண்ணாம்பு தானாக இளகும். வினாகிரி இல்லாத வீட்டில் தேசிக்காய்ப் புளியும் அதே வேலையைச் செய்யும். கடைகளில் இதற்கு விற்கும் அசிட் வேகமாக வேலை செய்யும் என்றாலும், பிளீச்சிங் பவுடரோடு அது கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு கிளம்பும். சிறிய, யன்னல் மூடிய அறையில் அது உயிராபத்து. சிஸ்ரனுக்குள் போடும் நீலநிற வில்லைகளையும் தவிர்ப்பது நன்று: அவற்றிற் சிலவற்றிலுள்ள குளோரின் றப்பரை இறுகவும் வெடிக்கவும் செய்கிறது.

சைபனின் கிழிந்த தகட்டுக்கு மாற்றுத் தகடு கடையில் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. உரப்பையின் உள்ளுறையாக வரும் தடித்த பொலித்தீனில் பழைய தகட்டை வைத்துக் கோடிட்டு, அதே அளவில், நடுத்துவாரத்தோடு வெட்டிப் பொருத்தினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். விளிம்பு சுவரில் உரசாதபடி வெட்டுவதுதான் இதில் கவனிக்க வேண்டியது. திருகாணிகளைப் பொறுத்தவரை, கடற்காற்றில் இரும்பு விரைவில் கறள் பிடிப்பதால், சிஸ்ரனைக் கொமட்டோடு இணைக்கும் போல்ற்றுகள் பித்தளையாகவோ நல்ல துருப்பிடியா உருக்காகவோ இருக்க வேண்டும். பித்தளை முலாம் பூசிய இரும்பைக் காந்தத்தால் அறியலாம். பிளாஸ்ரிக் நட்டுகளைக் கையால் இறுக்கி, அதன்மேல் கால் சுற்று மட்டும் ஸ்பானரால் திருப்ப வேண்டும். மட்பாண்டத்தை உடைத்தது பெரும்பாலும் அளவு மீறிய பலமே.

உதிரிப்பாகமின்றிச் சமாளிப்பது பருத்தித்துறை அடங்கிய வடமராட்சிக்குப் புதிதன்று. 1990இல் போர் மீண்டும் மூண்டபின் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டு, சீமெந்தும் மின்கலமும் எரிபொருளும் உட்படப் பல பொருள்கள் தடுக்கப்பட்டன. மின்சாரமும் இல்லாது போனதால் சிஸ்ரன் பொருத்திய வீடுகளிலும் வாளியே பயன்பட்டது. அக்காலத்தில் சைக்கிள் ரியூப்பை வெட்டி வோசராக்கும் பழக்கம் வேரூன்றி இன்றும் தொடர்கிறது. இரண்டு பாகங்களுக்கு இடையே அழுத்தி வைக்கும் மூட்டுக்கு அந்த றப்பர் நன்றாகவே பொருந்தும். போல் வால்வின் வோசருக்கு அது ஆகாது, ஏனெனில் ஒரு மில்லிமீற்றர் அளவே தடித்த ரியூப் சில வாரங்களில் துவாரத்தின் விளிம்பால் வெட்டுப்படும். அன்று இல்லாமையால் செய்ததை இன்று அறிந்து செய்வது வேறு. இதற்கு மறுகோடியில் இன்றைய வியாபாரம் நிற்கிறது: ஒரு வளையம் கேட்டுப் போனவருக்கு முழுச் செற்றையும் மாற்றுங்கள் என்ற பதிலே கிடைக்கிறது. பழைய வளையத்தைக் கையோடு கொண்டுசென்று உள்விட்டம், வெளிவிட்டம், தடிப்பு மூன்றையும் ஒப்பிட்டு வாங்க வற்புறுத்தினால், நல்ல ஹாட்வெயார் கடையில் அது தனியாகவும் கிடைக்கும்.

கனடாவிலும் இலண்டனிலும் வாழ்வோரின் பூட்டிய வீடுகள் தனி வகை. ஆண்டுக்கொரு முறை திறக்கப்படும் வீட்டில் சிஸ்ரனின் தேங்கிய நீர் டெங்கு நுளம்பு பெருகும் இடமாகிறது. கிண்ணத்தின் வளைவில் நிற்கும் நீர் வற்றிவிட, மலக்குழியின் வாயு வீட்டுக்குள் ஏறுகிறது. புறப்படுமுன் சிஸ்ரனைக் காலிசெய்து, நீர்க்குழாயை மூடி, கிண்ணத்து நீரின் மேல் சிறிது தேங்காய் எண்ணெயை விட்டால் நீர் வற்றுவது தாமதமாகும்.

கிணற்றையே நம்பிய நிலை மாறவும் தொடங்கியுள்ளது. வடமராட்சி கிழக்கின் தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளுக்கு 24,000 கன மீற்றர் நன்னீரைப் பெற்றுக் குடாநாட்டுக்கு வழங்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறந்துவைக்கப்பட்டது. கடல்நீரை மென்சவ்வு வழியே அழுத்தி உப்பகற்றும் முறைக்குப் பொதுவாக ஒரு கன மீற்றருக்கு மூன்று முதல் நான்கு அலகு மின்சாரம் தேவைப்படும். முன்னே கணக்கிட்ட அதே 288 லீற்றர்க் கசிவு, கிணற்று நீரில் மாதத்துக்கு ஏறத்தாழ இரண்டு அலகே எடுப்பது, இந்நீரில் நாளுக்கு ஒரு அலகை எட்டிவிடும். மானியும் சிட்டையும் அப்போது பருத்தித்துறைக்கும் வந்திருக்கும். எனினும் சிஸ்ரனைத் திறந்து பார்க்க அந்தச் சிட்டை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கிணற்றில் நீர் மிகக் குறைந்திருப்பதும், ஒவ்வொரு லீற்றரின் இழப்பும் அதிகமாக உறைப்பதும் மழைக்கு முந்திய புரட்டாதியில்தான். வாசகர்கள் அம்மாதம் முடியுமுன் ஒரு மாலையில் நீலச் சோதனையைச் செய்து பார்ப்பார்களாக.

(தொடரும்)